அலமாரியில் பூட்டைக் காணோம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் சமையலறைக்குள் நுழைந்தேன். தின்பண்ட அலமாரியில் பூட்டைக் காணோம். கொண்டி மட்டும் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது.

பூட்டு போன இடத்தில் பொருளும் போயிருக்கும் என்பது என் தொழில் அனுபவம். நான் பூட்டுக்காரன். பூட்டு ரிப்பேர் செய்வது, சாவி செய்வது, சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நின்று ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளும் தம்பதிகளுக்குக் கதவு திறந்துவிடுவது, இவைதான் வேலை. அதனால் பதறாமல் உள்ளே பார்த்தேன். சிப்ஸ் இருந்தது. கிரீம் பிஸ்கட் இருந்தது. கேக்கும் இருந்தது. எல்லாம் வைத்தது வைத்தபடி. பொருளை விட்டுவிட்டுப் பூட்டை மட்டும் அடித்துக்கொண்டு போகிற திருடனை நான் கேள்விப்பட்டதில்லை.

"என்ன தேடறீங்க?"

பின்னால் மனைவி நின்றாள். கை நிறையக் காய்ந்த துணி.

"பூட்டைக் காணோம்."

"நான்தான் எடுத்தேன்."

"மக்கர் பண்ணுதா? குடு, பாக்கறேன்."

"நல்லாத்தான் இருக்கு. வேண்டாம்னு எடுத்துட்டேன். கதவைச் சாத்திட்டு வாங்க, எறும்பு ஏறும்."

அவ்வளவுதான். துணி மடிக்கப் போய்விட்டாள். எனக்குத்தான் கை கால் ஓடவில்லை. இதன் விபரீதம் உங்களுக்குப் புரிய வேண்டுமானால் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் தின்பண்ட அலமாரிக்குப் பூட்டு வந்து பல வருஷம் ஆகிறது. போட்டது மனைவி. யாருக்காகப் போட்டாள் என்று சொல்லத் தேவையில்லை, வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பூட்டையும் என் கடையில் வாங்க மாட்டாள். பஸ் ஏறிப் போய் வேறு கடையில் வாங்கி வருவாள். என் கடையில் வாங்கியிருந்தால் தள்ளுபடி கிடைத்திருக்கும், தூக்கம் கிடைத்திருக்காது என்பாள்.

பாவம், எந்தக் கடையில் வாங்கினாலும் பூட்டு பூட்டுதானே. ஒரு கம்பி, கொஞ்சம் பொறுமை, காரியம் முடிந்தது. பூட்டைத் திறப்பது பெரிய வித்தை இல்லை. திறந்த பூட்டைத் திறக்காத பூட்டு போல மாட்டிவிட்டு வருவதுதான் வித்தை. சிப்ஸ் பாக்கெட்டின் அடிப்பக்கத்தைப் பிரித்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, வாயால் ஊதிக் காற்றடைத்து மறுபடி ஒட்டி வைப்பேன். பார்ப்பதற்கு முன்பைவிடப் புஷ்டியாக இருக்கும். கண்டுபிடித்தால் மனைவி திட்டுவாள். வேறு பூட்டு வாங்குவாள். நான் வேறு கம்பி செய்வேன். இப்படிச் சண்டையும் சந்தோஷமுமாகக் குடும்பம் நடந்துகொண்டிருந்தது.

கடையில் வாங்கித் தின்றால் என்ன என்று கேட்பீர்கள். கடையில் காசு கொடுத்தால் கையில் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் என்ன சுவாரஸ்யம் இருக்கிறது?

இப்படி இருக்கும்போதுதான் போன வாரம் டாக்டரிடம் போக வேண்டி வந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று மனைவிதான் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"ரெண்டும் ஒத்துப்போகுது" என்றார்.

"சீரியஸா டாக்டர்?" என்றாள் மனைவி.

"சர்க்கரை வாசல்ல வந்து நிக்குதும்மா. இப்பவே திருப்பி அனுப்பினா போயிடும். உள்ள விட்டுட்டோம்னா அப்புறம் வீட்டோட மாப்பிள்ளைதான். மூணு மாசம் பாக்கலாம். குறையலைன்னா ஆயுசுக்கும் மாத்திரை."

எனக்குச் சிரிப்பு வந்தது. மனைவிக்கு வரவில்லை. அவளுடைய அப்பாவுக்கு இந்தச் சர்க்கரையில்தான் ஒரு கால் போனது. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் என் செருப்புக் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். பெரிய பூட்டாக வாங்கப் போகிறாள் என்று நினைத்து, மறுநாளே கடையில் உட்கார்ந்து ஒரு புதுக் கம்பியை அரத்தில் ராவி வைத்தேன். வந்த வினை வேறு விதமாக வந்தது.

பூட்டைக் காணாத அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளிடமே நேராகக் கேட்டுவிட்டேன்.

"சர்க்கரை ஏறிப்போச்சுன்னு டாக்டர் சொல்றாரு. நீ பூட்டை எடுத்துட்டா எப்படி?"

"இத்தனை வருஷம் பூட்டித்தானே ஏறுச்சு?"

நான் வெறும் கொண்டியை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தேன்.

"எனக்கு அலுத்துப்போச்சுங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். "காலையில பள்ளிக்கூடத்துல அத்தனை வாண்டுகளைக் காவல் காக்கறேன். வீட்டுக்கு வந்தா உங்களைக் காவல் காக்கணும். இனிமே நான் காவல்காரி இல்ல. உங்க உடம்பு, உங்க வாய். எது வேணுமோ எடுத்துச் சாப்பிடுங்க."

"எது வேணும்னாலுமா?"

"எது வேணும்னாலும். சிப்ஸை விஷம்னு நானும் திட்டப்போறதில்ல. சாப்பாட்டுல நல்லது, கெட்டது, திருட்டு, தண்டனை எல்லாம் வேண்டாம். சாப்பாடு என்ன நமக்கு விரோதியா? ஒண்ணே ஒண்ணு. தட்டுல போட்டு, உக்காந்து, மென்னு சாப்பிடுங்க. போதும்னு வயிறு சொன்னா எழுந்துடுங்க."

மனைவி வேலை பார்ப்பது மழலையர் பள்ளியில். மதியமே பள்ளி விட்டுவிடும். அங்கே இப்படியெல்லாம் பேசிப் பேசிப் பழகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கிடைத்த சுதந்திரத்தை அனுபவிக்காமல் விடலாமா? சிப்ஸ் பாக்கெட்டை எடுத்தேன். பூட்டு இல்லை, கம்பி இல்லை, கதவைத் திறந்தால் திறக்கிறது. தட்டில் கொட்டினேன். உட்கார்ந்தேன். மனைவி எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கா?"

"ம்."

"உப்புப் போதுமா?"

"ம்."

"மெல்ல மென்னு சாப்பிடுங்க. அவசரமே இல்ல."

அவசரமில்லாமல் ஒரு சிப்ஸை நான் மென்றது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதற்கு முன் எல்லாமே அலமாரிக் கதவு மறைவில், நின்றபடி, ஒரு காது வாசல் பக்கம், ஒரு கை பாக்கெட்டுக்குள். வாய்க்கும் தொண்டைக்கும் நடுவே நாக்கு என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. இப்போது நிதானமாக மென்று பார்த்தால் பழைய எண்ணெயும் உப்பும்தான் இருக்கிறது. உருளைக்கிழங்கைக் கூப்பிட்டுக் கேட்டால்கூடத் தனக்குச் சம்பந்தமில்லை என்று சொல்லியிருக்கும். கிரீம் பிஸ்கட்டை எடுத்தேன். அது பல்லில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. கேக்குக்குப் போகும் தைரியம் வரவில்லை.

"போதுமா? இன்னும் கொஞ்சம் வச்சுக்கங்க" என்றாள், உபசரிக்கிற தோரணையில்.

வாழ்நாள் முழுவதும் எதற்காகப் பாடுபட்டேனோ அது ருசியில்லாத பண்டம் என்று தெரிந்தால் மனிதன் என்ன ஆவான்? எனக்கு ராத்திரிச் சாப்பாடே இறங்கவில்லை. இதையும் அவள் கவனித்தாள். "பசிக்கலைன்னா விட்டுடுங்க" என்று சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். திட்டவே இல்லை.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு காலையில் எதிர்வீட்டுக் கண்டக்டரிடம் சொல்லி அழுதேன். பஸ்ஸில் நெரிசலுக்குள் புகுந்து டிக்கெட் கொடுக்கிற ஆள். சமீப காலமாக அவர் ஒருவரே அந்த நெரிசலாக ஆகிவிட்டிருந்தார்.

"என்ன அண்ணே சொல்றீங்க? திறந்தே போட்டிருக்காங்களா? எங்க வீட்ல சாவியை இடுப்புல செருகிக்கிட்டுத் தூங்கறா. நீங்க குடுத்து வச்சவரு."

"உனக்குப் புரியாது தம்பி. திட்டவே மாட்டேங்கறா."

"திட்டலைன்னா சந்தோஷம்தானே?"

"நேத்து வேணும்னே பிஸ்கட் தூளைத் தரையெல்லாம் சிந்திவச்சேன். தடயம் பாத்தாலாவது கேப்பாளேன்னு."

"கேட்டாங்களா?"

"பெருக்கிட்டுப் போயிட்டா."

கண்டக்டர் முகம் மாறியது. விஷயத்தின் தீவிரம் அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"இது சரியில்லையே அண்ணே. இப்படியே போனா வீட்ல உங்களுக்கு என்ன மரியாதை இருக்கும்?"

"அதைத்தான் சொல்றேன்."

"பூட்டு இல்லாததுதானே பிரச்சினை? நீங்க விக்கறதே பூட்டு. நல்லதா ஒண்ணு நீங்களே கொண்டுபோய்க் கொடுங்க. கைக்கு வந்த பூட்டை எந்தப் பொம்பளையும் சும்மா வைக்க மாட்டா."

கண்டக்டருக்கு இவ்வளவு மூளை இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அன்றே கடையில் இருந்ததிலேயே உயர்ந்த பூட்டை எடுத்தேன். ஏழு லிவர் பூட்டு, உள்ளே ஏழு தகடும் ஒருசேர நகர்ந்தால்தான் திறக்கும். நகைக்கடைக்காரர்கள் வாங்குவது. துடைத்து, எண்ணெய் போட்டு, அட்டைப்பெட்டியில் வைத்து, இரண்டு சாவிகளையும் சேர்த்து மனைவியிடம் கொடுத்தேன்.

"எதுக்கு இது?"

"உனக்குத்தான். மனசைக் கட்டுப்படுத்த முடியலை. நீதான் பூட்டி வைக்கணும்." கொஞ்சம் தழுதழுத்தும் காட்டினேன்.

அவள் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்ல கனமா இருக்கே. இதைப் போய் சிப்ஸுக்குப் போடறதா? சிப்ஸ் அங்கேயே இருக்கட்டும், யாருக்கு வேணும்னாலும் எடுத்துக்கட்டும். நான் எனக்குன்னு கொஞ்சம் சாமான் தனியா வச்சுக்கறேன். கீழ்த்தட்டுல."

"என்ன சாமான்?"

"அது எதுக்கு உங்களுக்கு? என்னுதுன்னா என்னுது. அதுல மட்டும் கை வைக்காதீங்க, சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு ஒரு பார்வை பார்த்தாள். பழைய பார்வை. நெற்றியைச் சுருக்கி, விரலை நீட்டி. எனக்கு உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் பார்த்தால் அலமாரியின் கீழ்த்தட்டுக்குத் தச்சரைக் கூப்பிட்டு மாட்டிய தனிக் கதவு, அதில் என் ஏழு லிவர் பூட்டு. மேல்தட்டில் சிப்ஸும் பிஸ்கட்டும் கேட்பாரற்றுத் திறந்து கிடந்தன. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. உள்ளே என்ன இருக்கும் என்று கடையில் உட்கார்ந்து யோசித்தேன். மனைவி தனக்கென்று ஒளித்து வைத்துத் தின்கிறாள் என்றால் அது சாதாரணப் பண்டமாக இருக்காது. பாதாமாக இருக்கலாம். வெளிநாட்டுச் சாக்லேட்டாக இருக்கலாம். சாவி செய்ய வந்தவர் நாலு தடவை கூப்பிட்ட பிறகுதான் நிமிர்ந்தேன்.

விற்ற பூட்டுக்குச் சாவி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் தொழில் தர்மம். நான் வைத்துக்கொள்ளவில்லை. கம்பியைப் பற்றித் தர்மம் ஒன்றும் சொல்லவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவேன். சாப்பிட்டதும் மனைவி பக்கத்து அறையில் சற்றுப் படுப்பாள். அதுதான் வேளை. தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு கம்பியை விட்டேன். அந்தப் பூட்டை அவ்வளவு நன்றாகச் செய்திருக்க வேண்டாம். முதல் நாள் வியர்த்ததுதான் மிச்சம். இரண்டாம் நாள் பாதி லிவர்கள் மசிந்தன. மூன்றாம் நாள் பூட்டு வாயைத் திறந்தது. என் தொழில் வாழ்க்கையில் அப்படி ஒரு பெருமிதத்தை நான் அனுபவித்ததில்லை.

உள்ளே ஒரு டப்பா. திறந்தேன். விரல் நீளத்துக்கு நறுக்கிய கேரட். வெள்ளரிக்காய். கொய்யாத் துண்டுகள். ஓரத்தில் கொஞ்சம் வறுத்த கடலை.

ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று நாள் உழைப்பை வீணாக்கிவிட்டுப் போக மனம் வருமா? ஒரு கேரட்டை எடுத்துக் கடித்தேன்.

கடக்கென்று ஒரு சத்தம். தெருக்கோடிக்கே கேட்டிருக்கும்.

"யாரு அங்க?" பக்கத்து அறையிலிருந்து குரல்.

அப்படியே உறைந்துபோய்ப் படுத்திருந்தேன். வாயில் கேரட். முழுங்கவும் முடியாது, கடிக்கவும் முடியாது. திருட்டுக்குக் கேரட் லாயக்கே இல்லை என்று எந்த அனுபவசாலியும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. வேறு வழியில்லாமல் உதட்டை இறுக மூடிக்கொண்டு, கடைவாயில் ஒதுக்கி, மாடு அசை போடுகிற மாதிரி மெல்ல மெல்ல மென்றேன். நல்லவேளை, அவள் எழுந்து வரவில்லை. சத்தம் வராமல் மெல்ல ஒரு துண்டுக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. மெல்ல மெல்ல என்ன ஆச்சரியம், இனித்தது. கேரட்டுக்குள் இப்படி ஓர் இனிப்பு இருப்பதை யாரும் எனக்குச் சொல்லாமல் மறைத்துவிட்டார்கள் என்று கோபமே வந்தது. கொய்யாவில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவியிருந்தாள். அதைப் பற்றி எழுதினால் இந்தக் கதை முடியாது.

அன்றிலிருந்து தினமும் போனேன். பூட்டைத் திறக்கிற நேரம் குறையக் குறைய டப்பாவில் பொருள் கூடிக்கொண்டே வந்தது. ஒரு நாள் ஆப்பிள். ஒரு நாள் வேகவைத்த சோளம். மனைவியின் பழைய சந்தேகமும் திரும்பி வந்தது.

"என் டப்பாவுல யாரோ கை வைக்கறாங்க."

"எலியா இருக்கும்."

"எலி பூட்டைத் திறக்குமா?"

"இந்தக் காலத்து எலிங்களை நம்ப முடியாது."

"கொய்யாவை மட்டும் பொறுக்கித் தின்னுருக்கு."

"விவரமான எலி."

"அந்த எலி என் கையில மாட்டட்டும். வாலை ஒட்ட நறுக்கறேன்."

எவ்வளவு நாள் ஆயிற்று இப்படி ஒரு திட்டு வாங்கி. அந்த ராத்திரி நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். மதியம் தின்றது வயிற்றிலேயே இருந்ததால் பாதித் தட்டோடு எழுந்துவிட்டேன். மேல்தட்டுச் சிப்ஸ் நமுத்துப்போய்க் கிடந்தது. கண்டக்டரிடம் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, தன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று தின்றார். நின்றுகொண்டு, மெல்லாமல், ஒரு காதை உள்பக்கம் வைத்துக்கொண்டு. பார்க்கக் கொஞ்சம் பரிதாபமாகத்தான் இருந்தது.

மூன்று மாதம் கழிந்தது. மறுபடி டாக்டர். மறுபடி ரத்தம். டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார். அது இருந்த இடத்தில் இல்லை.

"சர்க்கரை வாசலைத் தாண்டித் தெருவுக்கே போயிடுச்சே. மாத்திரை எல்லாம் தேவையில்ல. என்ன பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணல டாக்டர். அவர் இஷ்டத்துக்குத்தான் சாப்பிட்டாரு" என்றாள் மனைவி. சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என் கால்களை இன்னொரு முறை பார்த்தாள். இந்தத் தடவை அவள் முகத்தில் பயம் இல்லை. எனக்கும் என்னவோ போல் இருந்தது.

ஆனால் வெளியே வந்து பஸ்ஸுக்காக நின்றபோது கர்வம் தலைக்கேறிவிட்டது. ஏழு லிவர் பூட்டைத் தினமும் திறந்த மனிதன் அந்தப் பெருமையை யாரிடமாவது சொல்லாமல் எத்தனை நாள் இருப்பான்? கண்டக்டரிடம் சொன்னால் அவருக்குப் புரியாது. மனைவியிடம்தான் சொல்ல வேண்டும்.

"நான் ஒண்ணும் பண்ணலன்னு டாக்டர்கிட்ட சொன்னியே."

"ஆமா."

"நிஜமாவே நீ ஒண்ணும் பண்ணல. எல்லாம் நான் பண்ணது. உன் டப்பாவைத் தினமும் காலி பண்ண எலி யாரு தெரியுமா?"

"யாரு?"

"நான்தான். சாவி இல்லாம, வெறும் கம்பியில. நகைக்கடைக்காரங்க வாங்கற பூட்டு. நீ பக்கத்து ரூம்லதான் படுத்திருந்தே, பூட்டு திறந்த சத்தம்கூட உனக்குக் கேக்கல." கொஞ்சம் இரக்கமும் வந்தது எனக்கு. "உனக்குன்னு ஆசையா நறுக்கி வச்சதை எல்லாம் நான் தின்னுட்டேன். வருத்தப்படாதே. இனிமே பாதி உனக்கு விட்டுவைக்கறேன்."

அவள் வருத்தப்படவில்லை. பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு சாவகாசமாகத் திரும்பினாள்.

"எனக்கு எதுக்குங்க பாதி? நான் கேரட்டே தின்ன மாட்டேன். கொய்யா எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சொல்லிட்டுத்தான் இருக்கேன்."

"அப்புறம் எதுக்கு உன்னுதுன்னு சொன்னே? எதுக்குப் பூட்டினே?"

"எங்க பள்ளிக்கூடத்துல மூணு வயசுக் குழந்தைங்க காய்கறி தின்னலைன்னா 'இது டீச்சருது, தொடக் கூடாது'ன்னு சொல்லி வைப்போம், திரும்பிப் பாக்கறதுக்குள்ள தின்னுடுங்க" என்றாள். "உங்களுக்குத்தான் பூட்டு வரைக்கும் போக வேண்டியதாப் போச்சு."